கண்ணாடி ரோஜாவும் கடைவாய்ப் பல்லும்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே அத்தானுக்கு முழங்கால் வலி, எனக்கு அத்தான். மற்றபடி இருவரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை கடையில் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறாயா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. என் மகன் வேலை கிடைத்து வெளிநாடு போனதிலிருந்து அது பூட்டியே கிடந்தது. ஜூன் மாதத்தோடு உன் மூக்குக்கண்ணாடிக் கடையின் குத்தகை முடிகிறது என்று நீதான் சொன்னாய். ஐம்பத்தாறு வயதாகிறது. பெண்டாட்டி, பிள்ளை என்று கால்கட்டு எதுவும் இல்லை. தனியாக அங்கே என்ன செய்யப்போகிறாய்? ஜூனில் கடையைக் கட்டிவிட்டு இங்கே வந்துவிடு.

நீ வராவிட்டால் அறையை வாடகைக்கு விட வேண்டும் என்கிறார் அத்தான். தெருக்கோடியில் டிரம்பெட் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நடு அறையில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்த்து, "நல்லா எதிரொலிக்குதுங்க" என்று சந்தோஷப்பட்டார். ஜூன் வரைக்கும் அத்தானிடம் வாய்தா வாங்கி வைத்திருக்கிறேன்.

ஃபோன் செய்யாதே, எழுது. ஃபோன் கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் அத்தான் இருக்கிறார். என் பிறந்தநாளுக்கு மட்டும் வழக்கம்போலக் கூப்பிடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து மகிழ்ந்தேன். நான் நலம். அத்தானின் முழங்காலுக்கு என் அனுதாபங்கள், உனக்கும் சேர்த்து.

வருகிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு சிக்கல். உன் மாடி அறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல். காலையில் ஒரு வெயில், மாலையில் ஒரு வெயில். என் பதினோரு பிரெஞ்சு பேப்பர் வெயிட்டுகளுக்கு வெயில் ஆகாது.

நீ உருண்டை என்று சொல்வாய். உருண்டை இல்லை அக்கா. நூற்று எழுபது வருடங்களுக்கு முன்னால், வண்ணக் கண்ணாடியைக் கம்பியாக இழுத்து, வெள்ளரிக்காய் போல வில்லை வில்லையாக நறுக்கி, பூவும் பூச்சியுமாக அடுக்கி, அதன்மேல் உருகிய தெளிந்த கண்ணாடியைக் கவித்துச் செய்தவை. ஒவ்வொன்றும் ஒரு பூதக்கண்ணாடிக்குச் சமம். வெயில் பட்டால் எரித்துவிடும். போன கோடையில் ஒன்றை ஜன்னலோரம் மறந்து வைத்துவிட்டேன். மேஜைமேல் கிடந்த கண் பரிசோதனை அட்டையில் கடைசி இரண்டு வரிகள் கருகிப்போயின. அது தெரியாமல் ஒரு வாரம் ஊரில் எல்லோருக்கும் பார்வை பிரமாதம் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. என் சேகரிப்பில் பன்னிரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. கிளிஷி என்கிற பட்டறையில் செய்த ரோஜா அங்கே வர வேண்டும். இளஞ்சிவப்பு ரோஜா, கட்டைவிரல் நகத்தளவு, கண்ணாடிக்கு நடுவில். இங்கே ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் அப்படி ஒன்று தலைகாட்டியதாகப் பேச்சு. அது கைக்கு வந்த மறுநாள் கிளம்பிவிடுகிறேன். இது சத்தியம்.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் குத்துக்கல்லாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

வெயில் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு ஜன்னலுக்கும் கெட்டித் துணியில், உள்ளே கறுப்புத் துணி வைத்து, என் கையாலேயே திரை தைத்துவிட்டேன். இழுத்து மூடினால் பட்டப்பகலில் கண்ணைக் குத்தினாலும் தெரியாது. அத்தான் சோதித்துப் பார்க்கிறேன் என்று உள்ளே போய்க் கட்டிலில் இடித்துக்கொண்டு வந்தார். இப்போது இரண்டு முழங்காலும் வலி.

"உன் தம்பி வர்றானா, இல்ல புகைப்படம் கழுவுறவன் யாராவது வர்றானா?" என்று கேட்கிறார்.

அந்தக் கிளிஷியோ கிழிச்சியோ, அதைச் சீக்கிரம் வாங்கித் தொலை. பதினொன்று வைத்திருப்பவனுக்குப் பன்னிரண்டாவது இல்லாமல் தூக்கம் வராதா? என் கல்யாணத்துக்கு நீ கொடுத்தாயே, சேவலும் நாயும் போட்ட உருண்டை, அதை வைத்துத்தான் இன்னும் பால்காரன் சீட்டு பறக்காமல் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று, ஒரு குறையும் தெரியவில்லை.

அலமாரியில் உனக்கு இரண்டு தட்டு காலி செய்தாயிற்று. நாள் மட்டும் சொல்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவது சமீபமாகப் பிடித்துப்போயிருக்கிறது. அவ்வளவுதான்.

ரோஜாவைப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டேன் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது.

எங்கள் சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளிலும் முதலில் கை வைத்தவருக்கே உரிமை. அவர் கை அதன்மேல் இருக்கும்வரை வேறு யாரும் விலை கேட்கக் கூடாது. கையை எடுத்துவிட்டால் உரிமை போயிற்று. இதை வைத்துத்தான் அங்கே சண்டை சச்சரவு இல்லாமல் காலம் ஓடுகிறது. இந்த ஊரில் ஒரே ஒரு பல் டாக்டர். பெண்மணி. இவரும் பேப்பர் வெயிட் சேர்க்கிறவர். நான் அவருக்குக் குறடு என்று பெயர் வைத்திருக்கிறேன். மனதுக்குள்தான். கணவர் காலமாகி நெடுநாளாயிற்றாம், மகள் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். நான் விசாரிக்கவில்லை, காதில் விழுந்தது.

போன ஞாயிறு, துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே ரோஜா கிடந்தது. எடுத்தேன். கண்ணாடியைக் கீழிருந்து வெளிச்சம் காட்டித்தான் பார்க்க வேண்டும். இரண்டு கையிலும் அதை ஏந்தி, பேனா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன். அக்கா, அசல் ரோஜா. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அப்போது பக்கத்தில் குறடு வந்து நின்றார். "முடிச்சிட்டீங்களா? நான் பார்க்கலாமா?" என்றார்.

நான் முடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். வாயில் டார்ச். சொல்ல வேண்டுமானால் டார்ச்சை எடுக்க வேண்டும், டார்ச்சை எடுக்க வேண்டுமானால் கை வேண்டும். ரோஜாவை ஒரு நொடி, ஒரே நொடி, மேஜையில் வைத்தேன். அவர் கை அதன்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. டார்ச்சாகத்தான் இருக்கும்.

சாமான் கடைக்காரரிடம் முறையிட்டேன். "கைய எடுத்துட்டீங்களே சார்" என்றார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். சுருட்டி வைத்த பஞ்சை எடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவதைப்போல அதைச் சுற்றினார். அந்த மாதிரி சுற்றத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர்தான். இன்னொருவன் நான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அந்த ரோஜாவைத் திரும்ப வாங்காமல் நான் ஊரை விட்டு வருவதில்லை. கொஞ்சம் பொறு.

உன் தம்பி


மார்ச் 30

அன்பில்லாத தம்பிக்கு,

நான் நலமா என்று நீ கேட்டிருந்தால் நலம் என்று எழுதியிருப்பேன். இருபத்திரண்டாம் தேதி என் பிறந்தநாள். காலையிலிருந்து கூடத்தில் அத்தானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அதுவே ஒரு தவம். உன் ஃபோன் வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் விஷக் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட நடுங்கிக்கொண்டே கூப்பிட்டவன் நீ.

பாலில் ஊறிய ரொட்டி, கடக் சத்தம், ஃபோனில் பேசாதது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். உண்மையைச் சொல், பல்லா? பல் போனால் சொல் போச்சு என்பார்கள். உனக்குச் சொல் முதலில் போய்விட்டது.

உன் கடிதத்தை அத்தானும் படித்தார். நான் காட்டவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். படித்துவிட்டு, "ரோஜாவைப் பத்தி நாலு வரி, அந்தம்மாவைப் பத்தி நாப்பது வரி" என்றார். அவருக்கு எண்ணத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. நீ அந்த அம்மாளிடம் எவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்பது எனக்குத்தான் புரிகிறது.

பல் வலியோடு ஒருவன் பட்டினி கிடக்க வேண்டாம். பக்கத்து ஊரில் வேறு டாக்டர் இருந்தால் உடனே பார். இல்லாவிட்டால் சீக்கிரம் இங்கே வா. என் கை சமையல் எதுவானாலும் மெல்ல வேண்டிய அவசியமில்லை என்று அத்தானே சொல்வார்.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பிறந்தநாள் வாழ்த்துகள். ஃபோன் கெட்டுவிட்டது. பல்லுக்கு ஒன்றுமில்லை. உங்கள் நலம் அறிந்தேன்.

அந்த அம்மாளின் தொல்லை தாங்கவில்லை. கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று என் கடைக்கே வந்துவிட்டார். தொழில் என்று வந்தபிறகு பகை பார்க்கக் கூடாது, உட்கார வைத்து அளவெடுத்தேன். இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம் மிகச் சரியாக இருக்கிறது. முப்பது வருடத் தொழிலில் அப்படி ஓர் அளவை நான் எடுத்ததில்லை. இதைத் தொழில்ரீதியாகச் சொல்கிறேன்.

ஃபிரேம் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம். மறுநாள் வந்து மாற்றினார். அதற்கு மறுநாள் மூக்கில் அழுத்துகிறது என்றார். அழுத்தவில்லை, எனக்குத் தெரியும். அடுத்த வாரம் கைப்பையைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, ரோஜாவை என் மேஜைமேல் வைத்தார். "நீங்க அன்னைக்கி முழுசா பார்க்கல. பாருங்க" என்றார். வேண்டுமென்றே என்னை வதைக்கிறார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நாலு மணிக்கு வைத்ததை ஏழு மணிக்குத்தான் எடுத்தார். அதுவரை ரோஜாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய கிளினிக் ஜன்னல் மேற்குப் பார்த்ததாம். சாயங்கால வெயிலுக்குப் பயந்து தன் உருண்டைகளை மருந்து அலமாரியில் பஞ்சோடு பஞ்சாகப் பூட்டி வைத்திருக்கிறாராம்.

போகும்போது வாசலில் நின்று, "வீக்கத்துக்கு வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க" என்றார். எந்த வீக்கத்தைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

ரோஜாவை விட மாட்டேன் என்கிறார். ஆகவே இப்போதைக்கு நான் எப்படி வர முடியும்? நீயே சொல்.

தம்பி


ஏப்ரல் 29

மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

முன்பின் தெரியாதவள் எழுதுகிறேனே என்று வியக்க வேண்டாம். உங்களுக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். உங்கள் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனின் அக்கா நான்.

என் தம்பி ஜூன் மாதத்தோடு கடையை மூடிவிட்டு எங்களோடு இருக்க வருகிறான். அறை தயார். ஆனால் உங்களிடம் இருக்கும் கண்ணாடி ரோஜா கிடைக்காமல் ஊரை விட்டு நகர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற சாதி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இத்தோடு ஒரு சின்னப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். சேவலும் நாயும் போட்ட பேப்பர் வெயிட். என் கல்யாணத்துக்கு அவன் தன் முதல் வருமானத்தில் வாங்கிக் கொடுத்தது. பழைய பிரெஞ்சுச் சரக்கு என்றுதான் சொன்னான். இதை வைத்துக்கொண்டு ரோஜாவை அவனுக்குக் கொடுத்துவிட முடியுமா? நான் கேட்டதாக அவனுக்குத் தெரிய வேண்டாம்.

அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னிக்கவும். உடன்பிறந்தவன் ஒருவன்தான் எனக்கு.

நலம் நாடும்,
கண்ணாடிக்கடைக்காரரின் அக்கா


மே 10

அம்மாவுக்கு வணக்கம்.

சேவலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பல் பிடுங்குவதுதான் என் வேலை, ஒருவர் கல்யாணப் பரிசைப் பிடுங்குவது அல்ல. அது அசல்தான். பால்சீட்டின் மேல் வைக்காதீர்கள், ஈரத்தில் அடியில் கறை ஏறியிருக்கிறது. துடைத்துவிட்டேன்.

ரோஜாவை நேற்று என் கம்பவுண்டர் மூலம் உங்கள் தம்பிக்குக் கொடுத்தனுப்பினேன். வழியனுப்புப் பரிசு என்று எழுதி வைத்தேன். அவர் ஊரை விட்டுப் போகிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை.

வலது கீழ்க் கடைவாய்ப் பல் விரிசல் விட்டிருக்கிறது. சந்தையில் கேட்ட சத்தம் டார்ச்சினுடையது அல்ல. பலமுறை சொல்லிவிட்டேன், வாதாட மட்டும்தான் வாயைத் திறக்கிறார். அங்கே வந்ததும் நல்ல டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

நலமாக இருக்கிறேன். வாழ்த்தியதற்கு நன்றி.

பல் டாக்டர்


மே 22

அக்காவுக்கு,

நலம்.

ரோஜா வந்துவிட்டது. பன்னிரண்டாவது இடத்தில் வைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது.

வழியனுப்புப் பரிசாம். நான் ஊருக்குப் போவதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஞாயிறு சந்தைக்குப் போனேன், அவர் வரவில்லை. எல்லாவற்றிலும் நானே முதலில் கை வைத்தேன். எதையும் வாங்கத் தோன்றவில்லை.

ஜூன் இருபதாம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். கடைச் சாமான்களைப் பெட்டியில் போடுகிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் மிக மிக நலமாக இருக்க வேண்டும். நான் பரம சௌக்கியம். வாயின் வலது பக்கம் முழுக்க மரத்துப்போயிருக்கிறது, அதனால் எழுத்தும் கொஞ்சம் கோணுகிறது.

இருபதாம் தேதி வர முடியாது போலிருக்கிறது. ஆத்திரப்படாமல் படி.

ரோஜாவைத் துடைத்து மூட்டை கட்டும்போது அடியைப் பார்த்தேன். பழைய பேப்பர் வெயிட் என்றால் மேஜைமேல் இருந்து இருந்து அடிவிளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். இதில் தேய்மானமே இல்லை. இது புதுச் சரக்கு என்ற முடிவுக்கு வந்து, திருப்பிக் கொடுக்க நேரே கிளினிக்குக்குப் போனேன். சாயங்காலம், அறை முழுக்க வெயில். அவர் ஒருவரே இருந்தார்.

"இது புதுசு டாக்டர். அடியில தேய்மானம் இல்ல. எனக்கு வேணாம், நீங்களே வெச்சுக்கங்க" என்றேன்.

நான் செய்துகொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை ரோஜாவின் அடியில் பிடித்தார். "மேஜை மேஜையா எவ்வளவோ வருஷம் தேஞ்சிருக்கு. கண்ணாடிக்கடைக்காரருக்கு இது தெரியலையா?"

"தெரியல."

"கண்ணு போச்சா?"

"போச்சு."

"அப்ப பல்லையாவது காப்பாத்துவோம். உக்காருங்க."

உட்கார்ந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவ்வளவுதான் அக்கா, அதற்குப் பிறகு அரை மணி நேரம் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர்தான் பேசினார்.

"ஞாயித்துக்கெழமை நான் சந்தைக்கு வரல. எதுக்கு வரணும்? நீங்க ஊருக்குப் போயிட்டா நான் யாரோட போட்டி போடறது? பூட்டு வாங்க வர்றவரோடயா? எதிர்க்க ஒரு ஆள் இல்லாம சும்மா எடுத்துட்டு வர்றதுல என்ன ருசி இருக்கு? சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க, வாயை மூடினா ஊசி ஒடஞ்சிடும்."

ஆ என்றேன்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விஷயம் என்னவென்றால், பல்லுக்கு வேர்வரை வைத்தியம் செய்ய வேண்டுமாம். நடுவில் நிறுத்தினால் ஆபத்து. எப்படியும் ஆறு மாதம் ஆகும் என்று நினைக்கிறேன். கூடவும் ஆகலாம். குத்தகையை வேறு இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டும்படி ஆகிவிட்டது. அது ஒரு தற்செயல்.

ரோஜா இப்போது அவருடைய மருந்து அலமாரியில் இருக்கிறது. அலமாரி இருட்டாக இருப்பதால் இரண்டு பேரும் டார்ச் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. டார்ச்சைக் கையில்தான் பிடிக்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 12

அம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால்காரரும் நலமென்று நம்புகிறேன், உங்கள் தம்பி அவரைப் பற்றி நிறையச் சொல்கிறார்.

உங்களுக்கு ஆறு மாத வைத்தியம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை. மூன்று தடவை வந்தால் போதும். ஒன்று முடிந்துவிட்டது. ரோஜாவின் அடியில் தேய்மானம் நன்றாகவே இருக்கிறது. ஆக இரண்டு பொய். இரண்டும் எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரியும்.

எனக்கு அவர் இங்கே இருக்க வேண்டும். இந்த வயதில் இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை.

ஆனால் நீங்கள் வெள்ளையடித்து, திரை தைத்து, அலமாரி காலி செய்து வைத்திருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு வந்த சேவலைக்கூடக் கழற்றி அனுப்பினீர்கள். எங்கள் சந்தையில் முதலில் கை வைத்தவருக்குத்தான் உரிமை. அவர் விஷயத்தில் முதல் கை உங்களுடையது. அந்த வழக்கத்தை நான் மீற மாட்டேன். நீங்கள் ஒரு வரி எழுதினால் மிச்ச இரண்டு தடவையையும் ஒரே வாரத்தில் முடித்து, இருபதாம் தேதி ரயிலில் நானே ஏற்றி விடுகிறேன். அடம்பிடித்தால் மயக்க ஊசி இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பல் டாக்டர்


ஜூன் 18

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

நலமாக இருங்கள். நான் நலமாகத்தான் இருக்கிறேன், இப்போது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் நலமாக இல்லை. மாடிக்குப் போய், திரைகளை இழுத்து மூடிக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். அந்தத் திரைக்குள் அழுதால் வெளியே தெரியாது, அவ்வளவு கெட்டி. மகன் போன பிறகு இந்த வீட்டில் சாப்பிடும் சத்தம்கூடக் கேட்பதில்லை. தம்பிக்கு எழுதிய கடிதத்திலெல்லாம் நீ தனியாக இருக்கிறாய், நீ தனியாக இருக்கிறாய் என்று எழுதினேன். தனியாக இருந்தது நான். அவனுக்கு என்னமோ ஞாயிற்றுக்கிழமைதோறும் வாழ்க்கை அமோகமாகத்தான் நடந்திருக்கிறது.

கீழே இறங்கி வந்தபோது அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம், "நான் மார்ச் மாசமே சொன்னேன்ல, நாப்பது வரின்னு?" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அவர் சொன்னது சரியாகியிருக்கிறது. இனி இந்த வீட்டில் என் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டிரம்பெட் வாத்தியாருக்கு மாடி அறையைக் கொடுத்தாயிற்று. முதல் தேதி வருகிறார். நேற்று வாத்தியத்தைக் கொண்டுவந்து ஒருமுறை ஊதிக் காட்டினார். அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஊதட்டும். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருக்கட்டும். எனக்கும் கற்றுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.

திரைகள் வாத்தியாருக்கு வேண்டாமாம், எதிரொலி குறைகிறதாம். அதனால் இரண்டையும் மடித்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கிளினிக் ஜன்னல் மேற்குப் பார்த்தது என்று தம்பி எழுதியிருந்தான். அளவு பெரிதாக இருந்தால் அடியில் மடித்துத் தையுங்கள். அவனுடைய பன்னிரண்டையும் உங்களுடையவற்றையும் அலமாரியில் பூட்டி வைக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். சேவலையும் பார்சலுக்குள் வைத்திருக்கிறேன். அது இப்போது உங்கள் இருவருக்கும். என் கல்யாணத்துக்கு அவன் கொடுத்ததை அவன் கல்யாணத்துக்கு நான் கொடுக்கிறேன். வாயைத் திறந்து அவன் இன்னும் கேட்டிருக்க மாட்டான், எனக்குத் தெரியும். அடுத்த தடவை நாற்காலியில் உட்கார வைத்து, ஆ சொல்லச் சொல்லிவிட்டு, நீங்களே கேட்டுவிடுங்கள். மறுத்துப் பேச முடியாது.

இரண்டு பேருமாக ஒருமுறை இங்கே வர வேண்டும். மாடியில் இடமில்லை, கூடத்தில்தான் படுக்க வேண்டும். அத்தானைச் சற்று நகர்த்திவிடலாம்.

பல்லுக்கு அவசரமே வேண்டாம். ஆறு மாதம் ஆகும் என்று அவன் சொன்னால் ஆறு மாதம்தான். உங்கள் சந்தை வழக்கப்படி, நான் கையை எடுத்துவிட்டேன்.

அக்கா